இரு களங்கள்

போர்க்களத்திற் பழகியவன் வணிகத்திற்கு உதவான் என்பது எம் இல்லத்தில் யாம் இளமைதொட்டுக் கேட்டுவந்த மொழி. எம் தந்தையார் வெள்ளகோவிலில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்விப்பவர். பாவு தருவாரிடத்தும் துணி கொள்வாரிடத்தும் வளைந்து வளைந்து பேசியே இருபத்தைந்து ஆண்டுகளைக் கடத்தியவர். “பட்டாளத்தில் நிமிரக் கற்பிக்கிறார்கள், வியாபாரத்திலோ குனியத் தெரியவேண்டும்” என்பது அவர் கொள்கை. ஆதலின், எம் தாய்மாமன் தரைப்படையிற் பதினான்கு ஆண்டு பணிபுரிந்து, மேஜர் என்னும் நிலையில் 2022ஆம் ஆண்டு விலகி ஊர்க்கு மீண்டு, தேங்காய்க் களம் ஒன்று வைக்கப்போவதாகக் கூறியபோது தந்தையார் முகம் கறுத்தது. மாமனார் புரிந்தது குறுங்காலப் பணி. அதற்கு ஓய்வூதியம் இல்லை. விலகுங்கால் ஒருமுறை தரும் தொகையே உண்டு. அத்தொகை போதாதாகவே, தறிக்கூடத்துப் பத்திரத்தை வங்கியில் ஈடுவைத்துப் பொருள் வாங்கித் தந்தவரும் எம் தந்தையாரே. கொள்கை ஒருபுறம்; எம் அன்னையாரின் கண்ணீர் மற்றொருபுறம். எது வென்றது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எம்மூர் அறியாத நண்பர்க்குத் தேங்காய்க் களம் யாதென ஒருசிறிது கூறுவோம். காங்கேயத்திற்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட பெருவழியில் இருமருங்கும், காரை பூசிய பரந்த தளங்களில், வெண்மையான கிண்ணங்களைக் கவிழ்த்துவைத்தாற்போலத் தேங்காய் மூடிகள் பரந்து கிடப்பதை வழிச்செல்வோர் கண்டிருப்பர். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களினின்றும் மலையாள நாட்டினின்றும் மட்டை நீக்கிய காய்கள் ஈண்டு வருகின்றன. தென்னை மிகுதியாக வளரும் ஊர்களில் மழையும் மிகுதி. எம்மூரிலோ மழை அரிது, வெயிலும் காற்றும் பெரிது. எனவே காய் அங்கும் களம் இங்கும் ஆயின. காயை இரண்டாக உடைத்து இரண்டு நாள் வெயிலிற் காயவைத்தால் பருப்புத் தொட்டியை விட்டுச் சுருங்கும். அதனைத் தோண்டியெடுத்து மேலும் சில நாள் உலர்த்துவர். பச்சைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீரே. அது நூற்றுக்கு ஆறு என்னும் அளவிற்கு இறங்கினாலன்றி எண்ணெய் ஆலையார் முகங்கொடுத்துப் பேசார். இடையில் ஒருமுறை நனைந்தாலும் பூசணம் பற்றும், வெண்மை போய்க் கருமை ஏறும், விலை பாதியாம். ஆக, எம்மூர் வணிகர்க்குப் பகைவன் ஒருவனே. அவன் பெயர் மழை. நாடெல்லாம் மழை வேண்டித் தவங்கிடக்க, அது வாராதிருக்கவேண்டுமென்று உள்ளூர விரும்பும் மாந்தர் எம்மூர்க் களத்துக்காரர்.

தமிழிற் ‘களம்’ என்னும் ஒரு சொல்லே நெல்லடிக்கும் இடத்திற்கும் போர் நிகழும் இடத்திற்கும் வழங்குகின்றது. நம் முன்னோர் இரண்டினையும் ஒப்புநோக்கிப் பாடுதலைத் துறையாகவே வகுத்துவைத்தனர். பொய்கையாரின் களவழி நாற்பது தன் பெயரிலேயே அத்தொடர்பைத் தாங்கிநிற்கின்றது. வகுப்பில் இதனைக் கற்றபோது இது புலவர் கற்பனை என்றே எண்ணினோம். எம் மாமனார் ஒரு களத்தை விட்டு மற்றொரு களம் புகுந்ததைக் கண்டபின்னரே அது வெறுங்கற்பனையன்று எனத் தோன்றிற்று.

அவர் களத்தில் முதலிற் செய்த காரியம் ஊரார் நகைப்பிற்கு இடமாயிற்று. மழை வந்தாற் பருப்பின்மேல் தார்ப்பாய் மூடவேண்டும். எல்லாரும் மூடுகிறார்கள், எப்படி மூடுவது என்று எவரும் எவர்க்கும் கற்பித்ததில்லை. மாமனாரோ தளத்தைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பகுத்து எண்ணிட்டு, ஒவ்வொரு பாய்க்கும் இருவரை நிறுத்தி, ஊதுகுழல் ஊதியவுடன் யார் எம்மூலைக்கு ஓடவேண்டும் என்று பழக்கினார். வானம் வெளுத்துக் கிடக்கும் சித்திரை நண்பகலில் ஊதுகுழல் ஒலிக்கப் பெண்களும் ஆண்களும் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பேருந்திற் செல்வோர் தலைநீட்டிப் பார்த்தனர். முதல் நாள் பதினொரு நிமிடம் பிடித்தது; பத்தாம் நாள் நான்கு நிமிடம். “மழை சொல்லிக்கிட்டா வருமுங்க? அதுக்கு இத்தனை ஓட்டமா?” என்று ஓர் அம்மையார் மூச்சிரைக்கக் கேட்டார். “சொல்லாம வர்றதுனாலதான் அம்மா இந்த ஓட்டம்” என்றார் மாமனார்.

அவ்வாண்டு, அஃதாவது 2024இன் தொடக்கத்தில், யாம் வேறொரு களத்திற் புண்பட்டிருந்தோம். கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த பேச்சுப் போட்டி ஒன்றிற் கலந்துகொண்டு, பத்து நிமிடத்திற் சங்கச் செய்யுளும் திருமறை வசனமுமாக நாற்பது மேற்கோள் காட்டி, கைதட்டலும் பெற்று, பரிசு பெறாது திரும்பியிருந்தோம். நடுவரிடத்து எமக்குச் சினம் ஆறவில்லை. விடுமுறையில் அவ்வுரையை மாமனார்முன் களத்து வேப்பநிழலிற் பேசிக்காட்டி நீதி கேட்டோம். அவர் முற்றும் கேட்டார். பின்னர், “மாப்பிள்ளை, இதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்யவேண்டும்?” என்று வினவினார். எம்மிடம் விடை இல்லை. “என்ன செய்யவேண்டும் என்பது தெரியாதபோது, நன்றாகப் பேசினாய் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள்” என்றார்.

எமக்குச் சினம் இரட்டித்தது. சொற்பொழிவு என்ன கட்டளையா? கேட்டவர் எழுந்து ஓடிப் பாய் விரிக்கத்தான் வேண்டுமா? இன்பம் பயத்தலும் சொல்லின் பயனன்றோ? இவற்றையெல்லாம் அன்றே கேட்டோம், இன்றும் கேட்போம். இவ்விடத்தில் மாமனாரோடு எமக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயின் அவர் வாதிடாமல் அன்றிரவு ஒரு நூலை எம் கையிற் கொடுத்துவிட்டுச் சென்றார். அது கேப்டன் கோபிநாத் ஆங்கிலத்தில் எழுதிய ‘சிம்ப்ளி ஃபிளை’ என்னும் தன்வரலாறு. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்கு அதனைப் படித்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கோபிநாத் அவர்கள் பெயரைப் பலர் அறியாதிருக்கலாம். ‘சூரரைப் போற்று’ என்னும் திரைப்படத்தை அறியாதார் இலர். சுதா கொங்கரா இயக்கி 2020 நவம்பரில் வெளிவந்து, பின்னர்ச் சிறந்த படத்திற்கான தேசிய விருதும் பெற்ற அப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியதே. படத்தில் அவர் சோழவந்தானூரராகவும் விமானப்படையினராகவும் ஆக்கப்பட்டார். உண்மையில் அவர் கன்னட நாட்டு ஹாசன் மாவட்டத்துக் கோரூரினர், பள்ளியாசிரியர் மகன், தரைப்படையினர். சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதித் தோற்று, பின்னர்த் தாய்மொழியிலேயே எழுத வாய்ப்புக் கிடைத்துத் தேறிப் பீஜப்பூர்ப் பள்ளியிற் சேர்ந்தவர். (எம் மாமனார் பயின்றது நம் அமராவதிநகர்ச் சைனிக் பள்ளி. 1962இல் தொடங்கிய அப்பள்ளி எம்மூர்க்கு அணித்தாயிருந்தும் எம்மவருட் பலர் அதன் பெயரையும் அறியார்.) 1971ஆம் ஆண்டு வங்கப் போரில் இளம் அலுவலராகப் பங்குகொண்ட கோபிநாத், ஏறக்குறைய எட்டாண்டுப் பணிக்குப்பின் இருபத்தெட்டு வயதளவில் படையை விட்டார். ஏன் விட்டார் என்பதற்குப் பெருங்காரணம் கூறினாரல்லர். மனம் வேறொன்றை நாடிற்று, அவ்வளவே.

விட்டபின் அவர் செய்தவற்றைக் கேட்டால் எம் தந்தையார் தலையில் அடித்துக்கொள்வார். குடும்பத்து நிலம் ஹேமாவதி அணையின் நீரில் மூழ்க, ஈடாகக் கிடைத்த தரிசு நிலத்திற் கூடாரம் அடித்துத் தங்கி உழவு செய்தார். பட்டுப்புழு வளர்த்தார், இயற்கையைக் கெடாத அவ்வளர்ப்பு முறைக்காக 1996இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். இடையில் மோட்டார் சைக்கிள் விற்றார், உணவுவிடுதி நடத்தினார். பின்னர், படையில் ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகிய நண்பர் கேப்டன் சாமுவேல் அவர்களோடு கூடி வாடகைக்கு ஹெலிகாப்டர் விடும் நிறுவனம் கண்டார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பிறந்தது.

அதன் தொடக்க விழாப் பயணத்தை நினைக்குந்தோறும் எமக்கு மெய் சிலிர்க்கும். ஐதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லவேண்டிய அவ்விமானத்தில் வெங்கையா நாயுடு முதலாய பெருமக்கள் அமர்ந்திருந்தனர். விமானம் ஓடுபாதையில் இருக்கும்போதே எஞ்சின் ஒன்றில் தீப்பற்றிற்று. ஒருவர்க்கும் ஊறு நேர்ந்திலது. ஆயினும் நாடெங்கும் செய்தி பரவிற்று. அத்துடன் அந்நிறுவனம் முடிந்தது என்றே காண்போர் கருதியிருப்பர். அவரோ ஒளியவில்லை, நிகழ்ந்ததை மறைக்கவுமில்லை, குறித்தபடியே மக்களுக்கான பயணங்களைத் தொடங்கிவிட்டார். நாற்பத்தெட்டுப் பேர் அமரும் சிறு விமானங்கள், பெருநிறுவனங்கள் திரும்பியும் பாராத சிற்றூர் நிலையங்கள், விலையில்லா உணவு இன்மை, பெட்ரோல் நிலையத்திலும் பயணச்சீட்டு, சிலர்க்கு ஒரு ரூபாய்க் கட்டணம், விளம்பரத்தில் ஆர்.கே. லக்ஷ்மணின் கேலிச்சித்திரச் சாமானியர் என இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நம் கோயமுத்தூரிலும் அவ்விமானங்கள் இறங்கின. விமானம் தரையில் நிற்கும் நேரமெல்லாம் நட்டம் என்பதே அவர் கணக்கின் அடிப்படை. இறங்கியதை விரைவில் மீண்டும் ஏற்றவேண்டும். பதினொரு நிமிடத்தை நான்காக்கிய மாமனாரின் ஊதுகுழல் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் நூலை மூடியபின் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்நிறுவனம் சில ஆண்டுகளில் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தது. ஊர் பெருகப் பெருக நட்டமும் பெருகிற்று. 2007இல் கிங்ஃபிஷர் நிறுவனத்தார் அதிற் பெரும்பங்கு கொண்டனர், பெயரும் மறைந்தது. அக்கிங்ஃபிஷரும் 2012இல் நின்றது. பின்னர்க் கோபிநாத் தொடங்கிய சரக்கு விமானத் தொழிலும் நிலைக்கவில்லை. முன்னேறு என்று மட்டுமே பழகிய உள்ளத்திற்கு நில் என்பது எளிதில் வாராது போலும். இதனை மாமனாரிடம் கூறினோம். அவர் மறுக்கவில்லை. “நில்லுன்னு சொல்லத் தெரிந்தவர் குன்னூரில் இருந்தார்” என்று மட்டும் சொன்னார்.

அவர் குறித்தது பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா அவர்களை. 1973இல் ஓய்வுபெற்றபின் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூனில் வெலிங்டன் படைமருத்துவமனையில் உயிர்நீத்த அப்பெருமகனார், நிறுவனக் குழுக்களில் அமர்ந்ததோடு தலைமைப் பண்பைப் பற்றி நாடெங்கும் சொற்பொழிவாற்றியவருமாவர். 1971 ஏப்ரலில், உடனே படை செலுத்த இயலுமா எனப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வினவ, படை ஆயத்தமாக இல்லை, பருவமழை இறங்கினால் கீழை வங்கத்து ஆறுகள் கடலாகிவிடும், இப்போது புகுந்தால் தோல்வி உறுதி என்று முகத்துக்கு நேரே தாம் கூறியதாக அவர் தம் உரைகளிற் பலகால் எடுத்துரைத்திருக்கிறார். அந்நிகழ்ச்சியின் நுட்பங்களில் வரலாற்றாசிரியர் சிலர்க்கு ஐயம் உண்டு. போர் டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிப் பதின்மூன்று நாளில் முடிந்தது என்பதில் ஐயமில்லை. மழைக்கு அஞ்சிக் காத்திருந்த தளபதி! எம்மூர்க் களத்துக்காரர் அவரைத் தம்முள் ஒருவராகவே கொள்ளலாம்.

மழை அம்மே மாதத்திலேயே வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு, ஏறக்குறைய இரண்டு மணி. பகலில் ஆராதனை முடிந்து, விருந்துண்டு, எல்லாரும் அயர்ந்து உறங்கிய நேரம். களத்தில் இருந்தவர் முதிய காவற்காரர் ஒருவரே. அவர் தொலைபேசியில் அழைக்க, மாமனாரும் தந்தையாரும் யாமும் ஓடினோம். நால்வர், பாய்களோ பன்னிரண்டு. காற்று ஒரு பாயைப் பறித்துக்கொண்டு போய் வேலியில் எறிந்தது. தந்தையார் பருப்புக் குவியலின்மேல் முகங்குப்புற விழுந்து, இரு கைகளையும் விரித்து மூடியவாறு கிடந்த காட்சி எம் கண்ணைவிட்டு அகலவில்லை. தாம் நம்பாத தொழிலைத் தம் உடலால் மூடினார். விடிந்தபோது ஐந்து கட்டம் தப்பியிருந்தது; ஏழு கட்டம் நீரில் மிதந்தது. ஏறக்குறைய ஆறு டன் பருப்பு. அவ்வாண்டு அரைவைக் கொப்பரைக்கு அரசு அறிவித்த ஆதார விலையே குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். சந்தையிலோ அதுவும் கிட்டாத காலம். எம்மில்லத்தில் அன்று அடுப்பு மூட்டவில்லை. கல்லூரியை விட்டுத் தறிக்கூடத்திற்கு வந்துவிடலாமா என்று யாம் அன்னையாரிடம் மெல்லக் கேட்டதும் அன்றே.

காலை பத்து மணிக்குள் கடனுக்குக் காய் தந்த வணிகர் மூவர் வந்துவிட்டனர். கூலியாட்கள் வேப்பமரத்தடியில் நின்றனர். மாமனார் முகம் வழித்து, வெள்ளைச் சட்டை அணிந்து வந்து அவர்கள்முன் நின்றார். யாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்; அவர் பேசியது நான்கு நிமிடத்திற்குள். அதன் சாரம் இது: “நேற்றிரவு ஆறு டன் நனைந்தது. குற்றம் மழையுடையதன்று, என்னுடையது. ஆளெல்லாம் இருக்கும் பகலில் மட்டும் பழக்கினேன். ஆளில்லா இரவை நினைக்கவில்லை. நனைந்ததை இன்றே பிரித்து, தேறுவதைப் புகையடுப்பில் உலர்த்துவோம். தேறாததைத் தேறியதோடு கலக்கமாட்டோம். கூலி சனிக்கிழமை குறையாமற் கிடைக்கும். உங்கள் மூவர் பணத்தையும் நான்கு தவணையில் தருவேன். தேதிகளை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். இன்றுமுதல் இரவில் நால்வர் இங்கே தங்குவார்கள். அவர்களில் ஒருவன் நான். கேட்கவேண்டியது இருந்தால் கேளுங்கள்.”

மேற்கோள் ஒன்றுமில்லை. உவமை ஒன்றுமில்லை. நிலைமை, நோக்கம், செய்முறை, வேண்டும் பொருள், யார் பொறுப்பு என்னும் ஐந்தும் முறையே நின்றன. படையிற் கட்டளை வழங்கும் ஒழுங்கு அதுவே எனப் பின்னர் அறிந்தோம். கேட்டவர்களுள் ஒருவர்க்கும் அடுத்துத் தாம் செய்யவேண்டுவது யாது என்பதில் மயக்கமில்லை. முன்பு மூச்சிரைத்த அந்த அம்மையார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாய்ப் பருப்பைப் பிரிக்க உட்கார்ந்தார்.

எல்லாரும் மனமுருகினர் என்று எழுதினாற் பொய்யாகும். வணிகருள் ஒருவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்து, “உள்ளதைச் சொன்னீங்க, போதுமுங்க, அடுத்த லோடு வெள்ளிக்கிழமை அனுப்புறேன்” என்றார். மற்றொருவர் ஒன்றும் சொல்லாமற் சென்றார். மூன்றாமவர், “பட்டாளத்துப் பேச்சு எனக்கு வேண்டாம், பணத்தை எடுங்க” என்று கூச்சலிட்டு, அன்னையாரின் வளையல் விற்ற பணத்தை வாங்கிக்கொண்டே அகன்றார். அவரும் தம் பிள்ளைகளைக் காக்கவேண்டியவரே. அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

அக்கடன் தீர்ந்தது மாமனாரின் திறத்தால் மட்டுமன்று. 2025ஆம் ஆண்டிற் கொப்பரை விலை எவரும் எதிர்பாராவண்ணம் ஏறி, கிலோ 200 ரூபாயையும் கடந்தது. காயின் விலையும் உடன் ஏறியதாயினும், குறித்த நாளிற் பணம் தருபவர் என்று பெயர் பெற்றிருந்தமையால் அவர்க்குக் காய் தடையின்றி வந்தது. தந்தையார் இதனை ‘அதிர்ஷ்டம்’ என்பார். மாமனாரும் மறுப்பதில்லை. படையிலும் அது வேண்டும் என்பார்.

சென்ற ஐப்பசியில் நான்காம் தவணையும் முடிந்து, வங்கிக் கடனும் அடைந்து, தறிக்கூடத்துப் பத்திரம் வீட்டிற்கு மீண்டது. தந்தையார் அதனை இருமுறை விரித்துப் படித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாலையில் வானம் கறுத்திருந்தது. எங்கே போகிறீர்கள் என்று அன்னையார் கேட்டார். “இன்னைக்கு ராத்திரி களத்துல என் முறை” என்று சொல்லி, ஆணியில் மாட்டியிருந்த ஊதுகுழலை எடுத்துக் கழுத்திற் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.